நெவாடாவில் அண்ணன் விட்டுப்போன சுரங்க உரிமையும் ஒரு ஃபைல் நிறைய எண்களும்

அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரர் ஒருவர் சுரங்க உரிமை வைத்திருந்து திடீரென்று இறந்துபோனால் இங்கே இருப்பவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று தமிழில் தேடிப் பார்த்தேன். எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. அதனால் நான் பட்டதை, போன பணத்தோடு சேர்த்து எழுதிவைக்கிறேன். கடலூரில் இது எத்தனை பேருக்குத் தேவைப்படப் போகிறது என்று நீங்கள் சிரிக்கலாம். எங்கள் வீட்டுக்குத் தேவைப்பட்டதே!

அண்ணன் இருபது வருஷத்துக்கு மேலாக நெவாடா மாநிலத்தின் ரீனோ நகரில் இருந்தான். வார நாளில் கம்ப்யூட்டர் வேலை, சனி ஞாயிறு ஆனால் மெட்டல் டிடெக்டரைத் தூக்கிக்கொண்டு பாலைவனத்துக்குப் போய்விடுவான். ரீனோவிலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டரில் லவ்லாக் என்று ஒரு சின்ன ஊர், பெர்ஷிங் கவுண்டியின் தலைமையிடம். கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி. அந்தப் பக்கம் ரை பேட்ச் என்ற இடத்தில் தங்கக் கட்டிகள் மண்ணோடு மண்ணாகக் கிடைக்கும் என்பதால் அவனைப் போன்ற ஆட்கள் நிறையப் பேர் அங்கே அலைவார்கள். 2024 தொடக்கத்தில் மாரடைப்பில் போய்விட்டான். பிள்ளைகள் இல்லை. அண்ணி அங்கிருந்த வீட்டைக் காலி செய்துவிட்டு ஜூனில் மஞ்சக்குப்பத்துக்கு வந்தார். வந்த பெட்டிகளில் ஒரு நீல ஃபைல். "இத நீ பாத்துக்கம்மா, எனக்கு அவர் கையெழுத்தப் பாத்தாலே ஒண்ணும் ஓட மாட்டேங்குது" என்று என்னிடம் கொடுத்துவிட்டார். நான் புதுச்சேரியில் ஒரு ஆடிட்டரிடம் கணக்கு பார்க்கிறேன். காகிதம் என்றால் வீட்டில் எல்லோரும் என் பக்கம்தான் தள்ளுவார்கள்.

விஷயம் வெளியே கசிந்ததும் "அமெரிக்காவில் தங்கச் சுரங்கம்" என்று ஊர் முழுக்கப் பரவிவிட்டது. பண்ருட்டியிலிருந்து சித்தப்பா போன் செய்து, முந்திரித் தோப்பை அடமானம் வைத்துப் பணம் தருகிறேன், என் பெயரையும் அதில் சேர்த்துக்கொள் என்றார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. நெய்வேலிக்குப் பக்கத்தில் வாழ்கிறவர்களுக்குச் சுரங்கம் என்றால் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை இயந்திரமும் கன்வேயரும்தான் நினைவுக்கு வரும். அண்ணனிடம் இருந்தது அப்படிப்பட்ட ஒன்றே இல்லை.

அது என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் 1872-இல் போட்ட சுரங்கச் சட்டம் ஒன்று இன்றும் நடப்பில் இருக்கிறது. மேற்கு மாநிலங்களில் கூட்டரசுக்குச் சொந்தமான புறம்போக்கு நிலத்தில், திறந்துவிடப்பட்ட பகுதிகளில், தங்கம் போன்ற கனிமத்தைக் கண்டுபிடித்தவர் நான்கு மூலையிலும் கல்லோ கம்பமோ நட்டு "இங்கே தோண்டும் உரிமை எனக்கு" என்று பதிவு செய்யலாம். நிலம் அரசுடையதாகவே இருக்கும், கனிமத்தின் மேல் மட்டும்தான் உரிமை. இந்த உரிமையைத்தான் கிளெய்ம் என்பார்கள். பாறைக்குள் ஓடும் தாதுவுக்கு எடுப்பது லோடு கிளெய்ம், அதிகபட்சம் 1,500 அடிக்கு 600 அடி. மண்ணிலும் மணலிலும் கலந்து கிடப்பதற்கு எடுப்பது பிளேசர், ஓர் ஆளுக்கு 20 ஏக்கர் வரை. பல பேர் சேர்ந்து எடுத்தால் ஆளுக்கு 20 என்று கூடிக்கொண்டே போகும், எட்டுப் பேருக்கு 160 ஏக்கர் வரை. நிலத்தையே கிரயம் போல வாங்கிக்கொள்ளும் வசதி முன்பு இருந்தது, அதற்கான புது விண்ணப்பங்களை 1994 அக்டோபரிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இன்னொன்று, இந்த உரிமையை அமெரிக்கக் குடிமகனோ, குடியுரிமை பெறும் எண்ணத்தை முறைப்படி அறிவித்தவரோ, அங்கே பதிவான நிறுவனமோதான் வைத்திருக்க முடியும். அண்ணி அமெரிக்கக் குடியுரிமை உள்ளவர், அதனால் அவருக்குச் சிக்கல் இல்லை. சித்தப்பாவின் முந்திரித் தோப்பு தப்பித்தது இந்த விதியால்தான். இங்கேயிருந்து யாராவது உங்களிடம் "அமெரிக்கக் கிளெய்மில் உங்கள் பேரிலேயே பங்கு" என்று விற்க வந்தால் இந்த ஒரு விதியைக் கேளுங்கள், போதும்.

ஃபைலைத் திறந்தால் எட்டுக் காகிதம். எட்டிலும் எண்கள், ஒன்றுக்கொன்று ஒட்டவே இல்லை. சிலவற்றில் என்.எம்.சி. என்று தொடங்கும் எண் முத்திரையாகக் குத்தியிருந்தது. சிலவற்றில் மேல் ஓரத்தில் வெறும் இலக்கங்கள் மட்டும், பக்கத்தில் கவுண்டி முத்திரை. இரண்டு தாளில் அண்ணன் பேனாவால் என்.வி. என்று போட்டு நீளமாக ஏதோ எழுதியிருந்தான். எத்தனை கிளெய்ம் இருக்கிறது என்பதே எனக்குப் புரியவில்லை. எட்டா, மூன்றா, ஒன்றுமே இல்லையா?

அண்ணிக்குத் தெரிந்த ஒரு குடும்பம் மூலமாக அங்கே ஓர் ஏஜென்ட் கிடைத்தார். கிளெய்ம்களைத் தேடிக் கண்டுபிடித்து, புதுப்பித்து, பெயர் மாற்றித் தருவதற்கு 600 டாலர் முன்பணம் கேட்டார். நம் கணக்கில் ஐம்பதாயிரம் ரூபாய். ஜூலையில் அனுப்பினோம். அதற்குப் பிறகு சத்தமே இல்லை. பலமுறை மெயில் போட்டபின் ஒரு பதில்: "இந்த எண்களில் எந்தப் பதிவும் இல்லை, உங்கள் கிளெய்ம்கள் காலாவதியாகிவிட்டன, புதிதாக எடுக்க இன்னும் 900 டாலர் ஆகும்." அண்ணி அன்று சாப்பிடவே இல்லை. பணத்துக்காக இல்லை. "அவர் கடைசி வரைக்கும் இதப் பத்திதான் பேசிட்டிருந்தார்" என்றார். எனக்கு அழுகையை விட ஆத்திரம்தான் வந்தது. பதிவு இல்லையென்றால், அண்ணன் முந்தைய ஆண்டு பணம் கட்டிய ரசீது ஃபைலில் எப்படி வந்தது?

அந்த மெயிலை மறுபடி படித்துப் பார்த்தபோது ஒன்று தட்டுப்பட்டது. ஏஜென்ட் தேடியதாகச் சொன்ன எண்கள் எல்லாமே என்.எம்.சி. எண்கள். எங்கள் அப்பாவின் நெல்லிக்குப்பம் நிலத்தில் இதே கூத்து நடந்திருக்கிறது. எண்பதுகளில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்கும் யு.டி.ஆர். திட்டம் வந்தபோது அந்த நஞ்சைக்குப் புது சர்வே எண் கொடுத்துவிட்டார்கள், பத்திரத்தில் இருப்பதோ பழைய எண். ஒரு எண்ணை மட்டும் போட்டு வில்லங்கம் பார்த்தால் பாதி வரலாறு வராது. பழையது, புதியது, உட்பிரிவு மூன்றையும் போட்டுத் தேடினால்தான் முழுசாகக் கிடைக்கும். அமெரிக்கக்காரனும் இப்படி எண்ணை மாற்றியிருப்பானோ என்று பார்த்தால், ஆமாம், மாற்றித்தான் இருக்கிறான்.

கதை இதுதான். 1872 சட்டப்படி முதலில் கவுண்டி ஆபீசில் பதிந்தால் போதும் என்று இருந்தது. ஒரு நூற்றாண்டு போனபின், எங்கே யார் எத்தனை உரிமை வைத்திருக்கிறார்கள் என்று கூட்டரசுக்கே தெரியாத நிலை. 1976-இல் கூட்டரசு நிலக் கொள்கைச் சட்டம் வந்து, எல்லாக் கிளெய்மும் நில மேலாண்மை அலுவலகத்திலும் பதிய வேண்டும் என்று ஆக்கியது. பி.எல்.எம். என்பார்கள். அதற்கு முன் எடுத்தவர்களுக்கு 1979 அக்டோபர் வரை அவகாசம், அதன்பின் எடுப்பவர்களுக்குக் கிளெய்ம் எடுத்த நாளிலிருந்து 90 நாள். அப்படிப் பதியும்போது ஒவ்வொரு கிளெய்முக்கும் பி.எல்.எம். ஒரு வரிசை எண் கொடுக்கும். நெவாடாவுக்கு என்.எம்.சி., கலிஃபோர்னியாவுக்கு சி.ஏ.எம்.சி., அரிசோனாவுக்கு ஏ.எம்.சி. என்று முன்னெழுத்து. பல வருஷம் இந்த எண்ணை வைத்துத்தான் எல்லாம் நடந்தது. பிறகு, சில ஆண்டுகளுக்கு முன், பழைய எல்.ஆர். 2000 என்ற கணினி முறையை எடுத்துவிட்டு எம்.எல்.ஆர்.எஸ். என்ற புது முறையைக் கொண்டுவந்தார்கள். அதில் மாநிலத்தின் இரண்டெழுத்தும் ஒன்பது இலக்கமும் சேர்ந்த புது எண். நெவாடா என்றால் என்.வி. போட்டு ஒன்பது இலக்கம். பழைய கிளெய்ம்களுக்கும் இந்தப் புது எண் போட்டுவிட்டார்கள். பழைய எண் உள்ளே ஒரு ஓரத்தில் குறிப்பாக இருக்கும், அதைக் கொண்டு தேடவும் வழி இருக்கிறது. தேடும் கட்டத்தைச் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஏஜென்ட் புது எண்ணுக்கான கட்டத்தில் பழைய எண்ணைத் தட்டிவிட்டு, ஒன்றும் வரவில்லை என்று சொல்லியிருக்கிறார். இல்லை, தெரிந்தேதான் அப்படிச் சொன்னாரா என்ற சந்தேகம் எனக்கு இன்னும் உண்டு. இந்தத் தேடல் முழுக்க இலவசம், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அமெரிக்காவில் இருந்தாக வேண்டும் என்றுகூட இல்லை. 600 டாலரில் எனக்கு மிகவும் வலிக்கிற இடம் இதுதான்.

அன்று இரவு சாப்பாட்டு மேஜையில் கோடு போட்ட நோட்டை விரித்து நான்கு பத்தி பிரித்தேன். கிளெய்மின் பெயர், கவுண்டி ஆவண எண், பழைய என்.எம்.சி. எண், புது என்.வி. எண். எட்டுக் காகிதத்தையும் இந்த நான்கு பத்திக்குள் போட்டதும் ஐந்து கிளெய்ம்தான் என்று தெரிந்தது. மற்ற மூன்று தாளும் அதே கிளெய்ம்களின் கவுண்டி நகல்கள். மேல் ஓரத்தில் இருந்த வெறும் இலக்கம் கவுண்டி தன் ஆபீசுக்காகப் போட்டுக்கொண்ட ஆவண எண், அதைக் கொண்டுபோய் பி.எல்.எம்.மில் தேடினால் எதுவும் வராது. யாருக்காவது இந்த வேலை வந்து சேர்ந்தால் முதலில் இந்தப் பட்டியலைப் போடுங்கள். வேறு யாருக்காவது பணம் அனுப்பும் எண்ணம் பாதி அங்கேயே கரைந்துவிடும்.

கிளெய்மின் பெயர் என்றேனே, ஒவ்வொன்றுக்கும் எடுத்தவர் ஒரு பெயர் வைப்பார். அண்ணன் ஒன்றுக்கு எங்கள் ஊர் ஆற்றின் பெயரில் "கெடிலம்" என்று வைத்திருந்தான். இன்னொன்று "சில்வர் பீச்". எங்கேயோ பாலைவனத்தில் நம் தேவனாம்பட்டினம் கடற்கரையின் பெயரில் ஒரு கல் நட்டிருக்கிறது என்று நினைத்தபோது அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. ஆனால் இந்தப் பெயர்தான் பிறகு எங்களைக் காப்பாற்றியது. அண்ணன் பேனாவால் எழுதியிருந்த என்.வி. எண்ணைத் தட்டினேன், திரையில் வேறு ஏதோ கவுண்டியில் யாரோ ஒருவருடைய கிளெய்ம் வந்து நின்றது. பெயரும் ஒட்டவில்லை, ஊரும் ஒட்டவில்லை. அண்ணியைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு நிமிஷம் பார்த்தவர், நடுவில் இருந்த இலக்கத்தின் மேல் விரலை வைத்து, "இது ஒண்ணு இல்லம்மா, ஏழு. அவர் ஏழு போட்டா மேல் கோடு வர்றதே தெரியாது" என்றார். ஏழு போட்டுத் தேடியதும் "கெடிலம்" வந்தது. அந்த எண்ணை நம்பி நேராகப் பணம் கட்டப் போயிருந்தால் முகம் தெரியாத ஒருவருடைய கிளெய்முக்கு நாங்கள் கட்டியிருப்போம். ஒன்பது இலக்கத்தில் ஒன்று பிசகினாலும் அதற்கும் ஒரு சொந்தக்காரர் இருப்பார். பணம் கட்டும் முன் எண்ணோடு பெயரையும் கவுண்டியையும் ஒத்துப் பார்ப்பது கட்டாயம்.

எண் சரியாக அமைந்துவிட்டால் அதற்கான பதிவேட்டுப் பக்கத்தை எடுக்கலாம். சீரியல் ரிஜிஸ்டர் பேஜ் என்கிறார்கள். நம் அ-பதிவேடும் வில்லங்கமும் ஒரே தாளில் இருந்தால் எப்படியோ, அப்படி. உரிமையாளர் பெயரும் முகவரியும், கிளெய்ம் எடுத்த தேதி, வகை, இடம், அதன்பின் தேதி வாரியாக நடந்தது எல்லாம். நான் முதலில் இடத்தைப் பார்த்துக் குழம்பினேன். 21 என்று ஓர் எண், பிறகு வடக்கு கிழக்கு என்று சில எண்கள். அங்கே நிலத்தை மெரிடியன், டவுன்ஷிப், ரேஞ்ச், செக்‌ஷன் என்று சதுரம் சதுரமாகப் பிரித்திருக்கிறார்கள், 21 என்பது நெவாடா பயன்படுத்தும் மவுண்ட் டியாப்லோ மெரிடியனின் குறியீடு. அதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் பார்க்க வேண்டியது நிலை என்ற வரி. உயிரோடு இருக்கிறதா, மூடப்பட்டதா? அடுத்து, எந்த ஆண்டு வரை கட்டணம் கட்டியிருக்கிறது? அப்புறம்தான் யார் பெயர், எவ்வளவு ஏக்கர் எல்லாம்.

எங்கள் ஐந்தில் இரண்டு மூடப்பட்டிருந்தன. அவை லோடு கிளெய்ம்கள். 2023-இல் கட்ட வேண்டிய கட்டணம் கட்டவில்லை என்று காட்டியது. அந்தச் சமயம் அண்ணனுக்கு உடம்பு சரியில்லாமல் ஆஸ்பத்திரியும் வீடுமாக இருந்த காலம். ஃபைலில் அந்த இரண்டுக்கும் முத்திரை குத்திய தாள்கள் பளபளவென்று இருக்கின்றன. பார்க்கிறவர் நல்ல உரிமை என்றுதான் நினைப்பார். முத்திரை காட்டுவது கிளெய்ம் பிறந்ததை மட்டும், இன்று உயிரோடு இருக்கிறதா என்பதை அது சொல்லாது. ஆண்டுக் கட்டணம் செப்டம்பர் 1-க்குள் போகவில்லையென்றால் சட்டப்படி உரிமை தானாகவே போய்விடும். தண்டம் கட்டி மீட்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. நிலம் திறந்த நிலமாகிவிடும், யார் வேண்டுமானாலும் வந்து புதிதாகக் கல் நடலாம், அவருக்குப் புது எண் கிடைக்கும். பழைய எண் மறுபடி உயிர் பெறாது. நான் அந்த இடத்தைத் தேடியபோது அங்கே ஏற்கனவே வேறு ஒருவர் பெயரில் புது எண் இருந்தது. அண்ணியிடம் அதை அடுத்த நாள்தான் சொன்னேன்.

மிச்சம் மூன்று பிளேசர். மூன்றும் உயிரோடு இருந்தன. ஏஜென்ட் "காலாவதி" என்று சொன்னது இவற்றையும் சேர்த்துத்தான். ஆகஸ்ட் பிறந்துவிட்டது, கெடு செப்டம்பரில். இங்கே இன்னொரு பொறி. அண்ணனின் ரசீதில் ஒரு கிளெய்முக்கு 165 டாலர் என்று இருந்தது. 2024-இல் அதை 200 ஆக உயர்த்தியிருந்தார்கள். ரசீதைப் பார்த்துக் கட்டியிருந்தால் குறைந்திருக்கும். அதோடு, பிளேசருக்கு எண்ணுக்கு இவ்வளவு என்று கணக்கில்லை, ஒவ்வொரு 20 ஏக்கருக்கும், அதற்குக் குறைந்த துண்டுக்கும் இவ்வளவு என்று கணக்கு. "கெடிலம்" 40 ஏக்கர், அண்ணனும் அண்ணியும் சேர்ந்து எடுத்தது. ஒரே எண்தான், ஆனால் கட்ட வேண்டியது 400. மற்ற இரண்டுக்கும் சேர்த்து 400. மொத்தம் 800 டாலர், இணையத்திலேயே கட்டலாம். பெயர் இன்னும் அண்ணன் பெயரில் இருக்கிறதே, கட்ட விடுவார்களா என்று பயந்தோம். அண்ணி தன் கார்டில் கட்டினார், ஏற்றுக்கொண்டது. அந்த ஆண்டு செப்டம்பர் 1 ஞாயிற்றுக்கிழமை, மறுநாள் அங்கே தொழிலாளர் தின விடுமுறை, அதனால் 3-ஆம் தேதி வரை நேரம் இருந்தது. நாங்கள் ஆகஸ்ட் நடுவிலேயே கட்டிவிட்டோம். கடைசி நாளில் கட்டும் துணிச்சல் எனக்கு இல்லை.

துணிச்சல் ஏன் இல்லை என்றால், நடுவே நான் ஒரு வழக்கைப் படித்திருந்தேன். லாக் என்ற குடும்பம் நெவாடாவில் ஜல்லிக் கிளெய்ம்கள் பத்து வைத்து நன்றாகவே தொழில் நடத்தியது. சட்டத்தில் ஆண்டுக் காகிதத்தை "டிசம்பர் 31-க்கு முன்" தர வேண்டும் என்று இருந்தது. அவர்கள் 1980 டிசம்பர் 31 அன்று கொடுத்தார்கள். ஆபீசில் கேட்டபோது 31 வரை போதும் என்று சொன்னார்கள் என்பது அவர்கள் வாதம். 1985-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், முன் என்றால் முன்தான், ஒரு நாள் தாமதம் தாமதம்தான் என்று சொல்லிவிட்டது. படித்தபோது வயிற்றைப் பிசைந்தது. எண் எவ்வளவு சரியாக இருந்தாலும் தேதி தவறினால் அவ்வளவுதான்.

கட்டணமே கட்டாமல் தப்பிக்க ஒரு வழி உண்டு என்று அண்ணனின் நண்பர் ஒருவர் சொன்னார். மொத்தமே பத்துக் கிளெய்முக்கு மேல் இல்லாத சிறு சுரங்கக்காரர்களுக்கு விலக்கு இருக்கிறது, உண்மைதான். ஆனால் அந்தப் படிவத்தைக் கொடுத்தால், ஒவ்வொரு கிளெய்மிலும் குறைந்தது 100 டாலர் மதிப்புள்ள வேலை செய்து, டிசம்பர் 30-க்குள் உறுதிமொழியும் தர வேண்டும். உரிமையாளர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். மஞ்சக்குப்பத்தில் உட்கார்ந்துகொண்டு லவ்லாக்கில் யாரை விட்டு மண் வெட்டுவது? அங்கே போக முடியாதவர்கள் பேசாமல் பணத்தைக் கட்டிவிடுவது மேல்.

பெயர் மாற்றம்தான் நேரத்தைத் தின்றது. வாரிசுக்கு மாறியதைக் காட்டும் ஆவணத்தை முதலில் கவுண்டியில் பதிய வேண்டும், பிறகு அதன் நகலை பி.எல்.எம்.முக்கு அனுப்ப வேண்டும், அதில் ஒவ்வொரு வரிசை எண்ணையும் தனித்தனியே எழுத வேண்டும், எண்ணுக்கு இவ்வளவு என்று சிறு கட்டணமும் உண்டு. மாற்றம் பதிவாகும் வரை கடிதங்கள் எல்லாம் பழைய பெயருக்கும் பழைய முகவரிக்கும்தான் போகும். காலி செய்த ரீனோ வீட்டின் தபால் பெட்டிக்கு என்னென்ன வந்து கிடந்ததோ, யாருக்குத் தெரியும். இதற்கெல்லாம் போனில் கேட்க வேண்டியிருந்தது. அங்கே காலை ஒன்பது என்றால் நமக்கு இரவு ஒன்பதரை. பஸ்ஸில் புதுச்சேரியிலிருந்து வந்து, குளித்து, சாப்பிட்டு, நோட்டோடு உட்காருவேன். ஒரு இரவு எண்ணைப் பாதி சொல்லிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனது, மோடமும் போனது. எதிர்முனையில் இருந்தவர்கள் பொறுமையாகவே பேசினார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். எண்ணை ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டால் பேச்சு சுருக்கமாக முடியும். "என் அண்ணன் இறந்துவிட்டார்" என்று தொடங்கினால் நமக்கும் தொண்டை அடைக்கும், அவர்களுக்கும் எதைத் தேடுவது என்று தெரியாது.

நெவாடாவில் இன்னொரு தேதியும் உண்டு. பி.எல்.எம்.முக்குக் கட்டினால் மட்டும் போதாது, நவம்பர் 1-க்குள் கிளெய்மைத் தொடர்ந்து வைத்திருக்கப் போவதாக கவுண்டியிலும் ஓர் அறிவிப்பைப் பதிய வேண்டும். மாநிலத்துக்கு மாநிலம் இது மாறும், அதனால் வேறு மாநிலத்தில் உங்களுக்குக் கிளெய்ம் என்றால் அந்த மாநில விதியைத் தனியாகப் பாருங்கள்.

அக்டோபரில் ஒரு மெயில் வந்தது. பக்கத்தில் கிளெய்ம் வைத்திருக்கும் ஒருவர், உங்கள் "சில்வர் பீச்" என் கிளெய்மின் மேல் விழுகிறது, எனக்கு அரசாங்க எண் இருக்கிறது, அதனால் என்னுடையதுதான் செல்லும் என்று எழுதியிருந்தார். எண்ணை வைத்துப் பயமுறுத்துவது எனக்குப் புதிதில்லை. ஜி.எஸ்.டி. எண்ணைப் போர்டில் எழுதிவைத்துவிட்டு வரியே கட்டாத கடைகளைத் தமிழ்நாட்டிலும் பார்த்திருக்கிறேன், புதுச்சேரியிலும் பார்த்திருக்கிறேன். பி.எல்.எம். எண் தருவதால் அந்தக் கிளெய்ம் செல்லும் என்று அது சான்று கொடுத்ததாக ஆகாது. கொடுத்த காகிதத்தைப் பதிந்துகொள்கிறது, கோப்புக்கு ஓர் எண் போடுகிறது. ஒரே மண்ணுக்கு இரண்டு பேர் காகிதம் கொடுத்தால் இரண்டு எண் இருக்கும். வரைபடத்தில் பார்த்தாலும் தெளிவு கிடைக்காது, ஏனென்றால் பல கிளெய்ம்கள் எந்தக் கால் செக்‌ஷனில் விழுகின்றன என்பது வரை மட்டுமே அது காட்டும். உண்மையான எல்லை தரையில் நட்ட கல்லும் கவுண்டியில் கொடுத்த படமும்தான். நான் செய்தது, இரண்டு எண்ணின் பதிவேட்டுப் பக்கத்தையும் எடுத்து, கிளெய்ம் எடுத்த தேதியை மட்டும் வட்டமிட்டு அவருக்கே அனுப்பியது. அண்ணனுடையது பல ஆண்டு முந்தியது, அவருடையது 2022. அதற்குப் பிறகு அவர் குரல் மாறிவிட்டது. விலைக்குக் கேட்கத் தொடங்கினார்.

கணக்கு சொல்லிவிடுகிறேன். ஏஜென்டிடம் போன 600 டாலர் திரும்பவில்லை, மெயிலுக்குப் பதிலும் இல்லை. கட்டணம், பெயர் மாற்றம், கவுண்டிப் பதிவு, கூரியர், ஆவணங்களுக்கு நோட்டரி எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்துக்கு மேல் ஆனது, அது தேவையான செலவு. போன இரண்டு லோடு கிளெய்முக்கு விலை போட எனக்குத் தெரியாது. சொந்தக்காரர்கள் நினைத்த மாதிரி தங்கம் கொட்டிக்கிடக்கவில்லை. அண்ணன் இத்தனை வருஷத்தில் கண்டெடுத்த எல்லாம் ஒரு மாத்திரை டப்பியில் அண்ணியிடம் இருக்கிறது, அரை டப்பி கூட இல்லை.

இப்போது மூன்று எண்ணும் அண்ணி பெயரில் இருக்கின்றன. "கெடிலம்" கிளெய்மை அவர் வைத்துக்கொள்ளப் போகிறார், என்றாவது ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டுமாம். மற்ற இரண்டையும் அந்தப் பக்கத்துக்காரருக்கே எழுதிக் கொடுக்கப் பேசி முடித்திருக்கிறோம். எழுதிக் கொடுக்கும் பத்திரத்தின் வரைவை அவர் போன வாரம் அனுப்பினார். அதில் புது எண் மட்டும்தான் இருந்தது. பழைய என்.எம்.சி. எண்ணையும் கவுண்டி ஆவண எண்ணையும் பக்கத்தில் சேர்த்து எழுதச் சொல்லி நேற்றிரவு திருப்பி அனுப்பினேன்.